மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: போட்டவர்களின் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு அடுத்த மாதம் 15 வயது நிறைவடைகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரியம்மாவைப் பறிகொடுத்தவள் நான் என்பதால், அதைத் தடுக்கும் எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசியைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை, ஆனால், “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று சொல்லி, மருத்துவர் எழுதிய சீட்டை மாமியார் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இத்தடுப்பூசி பெற்ற பெண்களிடம் இப்புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைப் படித்துக் காட்டியும் பயனில்லை. இந்தியத் தயாரிப்பு எச்.பி.வி. தடுப்பூசியான செர்வாவேக் 14 வயது வரை இரண்டு தவணை, அதற்கு மேல் மூன்று தவணை என்பதால் நாள் நெருக்குகிறது. வீட்டுப் பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? கைவலியும் காய்ச்சலும் எத்தனை நாள் இருந்தன? திருமணமான என் 24 வயதுத் தங்கையும் போட்டுக்கொள்ள விரும்புவதால், அவ்வயதில் போட்டவர்களும் எழுதினால் நன்றியுடையவளாவேன்.