யுவிகாவுக்கு மாணவர்களை அனுப்பிய ஆசிரியர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஊராட்சிப் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ 2019-இல் தொடங்கிய யுவிகா பயிற்சிக்கு எங்கள் மாணவிகள் இருவரை விண்ணப்பிக்க வைக்கப்போகிறேன். தேர்வானால் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கிப் படிக்கலாம். மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் முதலிடம். கிராமப் பள்ளிக்கும் தனி மதிப்பெண் உண்டு என்பதில் கொஞ்சம் நிம்மதி.

விண்ணப்பிப்பவர்கள் எழுத வேண்டிய இணையவழி வினாடி வினாதான் பயமுறுத்துகிறது. இருவரும் தமிழ்வழி. ஒருத்தி ராக்கெட் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவாள். ஆங்கிலத்தில் கேட்டால் வாயே திறக்க மாட்டாள்.

வினாடி வினாவுக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்தீர்கள்? அங்கே நடக்கும் வகுப்புகள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் புரிந்தனவா? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதலைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றவர்கள், முன்பதிவு, பஸ் ஏற்பாடு பற்றியும் சொல்லுங்களேன்.