முதல் இடம் கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?
நண்பர்களுக்கு வணக்கம். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் சிறு வணிகங்கள் கண்ணில் படச் செய்யும் சேவையை விற்கிறேன். வேலை தெரியும், விற்பதுதான் இழுபறி. "முதல் இடம் உறுதியா?" என்றே எல்லோரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகியவற்றை வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது, காசு கொடுத்து அந்த இடத்தை வாங்க முடியாது, தேடுபவர் நிற்கும் தெரு மாறினாலே வரிசையும் மாறலாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. உறுதி தருவதாக அளந்துவிடுபவருக்கு வேலை போய்விடுகிறது. எரிச்சலாக இருக்காதா?

வாடிக்கையாளர்களின் கூகுள் வணிகப் பக்கத்தில் இருக்கும் தவறான வேலை நேரம், பொருந்தாத தொழில் வகைப்பாடு, பதில் எழுதாமல் கிடக்கும் விமர்சனங்கள் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே அவர்களுடைய கைபேசியில் காட்டலாமா? காட்டினால், தாங்களே சரிசெய்துகொண்டு என்னைக் கைகழுவிவிடுவார்களோ என்றும் தயக்கம். கட்டணம் மாதாமாதமா, ஒரே முறையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.