45 நாள் நோட்டீஸ்: படுக்கைப்புண் இருந்தால் வெளியேற்றிவிடலாமா?

மூத்தமகள்:
அப்பா அமெரிக்காவின் புளோரிடாவில் ஓர் அசிஸ்டட் லிவிங்கில், அதாவது பெரியவர்களுக்கு அன்றாட வேலைகளில் உதவுகிற இல்லத்தில், மூன்று வருஷமாக இருக்கிறார். போன வாரம், 45 நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. குதிகாலில் இரண்டாம் நிலைப் படுக்கைப்புண் (மேல்தோல் உரிந்தது, ஆழமில்லை), 30 நாளாகியும் ஆறவில்லை, விதிப்படி இனி வைத்துக்கொள்ள முடியாதாம். அவர் படுத்த படுக்கை இல்லை. காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விடுவார், பக்கத்து அறைப் பெரியவர் செய்தித்தாளில் பாதியைப் பிரித்துக் கொடுப்பார். நகத்தளவு புண்ணுக்காக இதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிற விதி யாரைக் காப்பாற்றுகிறது?

இரவுப்பணி:
உங்கள் அப்பா மாதிரி இருப்பவர்களைத்தான் அக்கா. ஒன்பது வருஷமாக இந்த மாதிரி இடங்களில் இரவு வேலை பார்க்கிறேன். அங்கே 6 முதல் 15 பேர் வரை இருக்கும் இல்லத்துக்குச் சட்டம் கேட்பது எல்லா ஊழியர்களும் சேர்ந்து வாரத்துக்குக் குறைந்தது 212 மணி நேர வேலைதான். ஒரே ஒருவரை இரவும் பகலும் நிறுத்தினாலே 168 மணி நேரம் போய்விடும், மிச்சம் 44. அப்படியென்றால் ராத்திரி பதினைந்து பேருக்கும் ஒரே ஆள். புண் உள்ளவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைப்பதா, பாத்ரூமில் வழுக்கி விழுந்தவரைத் தூக்குவதா? இது நாள் முழுக்க நர்ஸ் கவனிக்கிற நர்சிங் ஹோம் இல்லை. ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து படுக்கையில் கிடந்தால் சாதாரண லைசென்ஸ் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூத்தமகள்:
அப்பாவைப் புரட்ட வேண்டியதே இல்லை. வெளியிலிருந்து நர்ஸ் வாரம் மூன்று முறை வந்து கட்டு மாற்றுகிறார். அந்தப் புண்ணே செருப்பு உரசி வந்தது, இரண்டு வாரம் யாரும் காலைப் பார்க்கவில்லை. சேர்க்கும்போது 1823 படிவத்தை (உடல்நிலை பற்றிய மருத்துவப் பரிசோதனைப் படிவம்) டாக்டர் ஐந்து நிமிஷத்தில் நிரப்பினார், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கறார் எல்லாம் வெளியே அனுப்பும்போது மட்டும்தானா?

வடகாற்று:
நானும் கேட்கிறேன். என் அம்மா ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பில், இருந்தபோது எழுந்திருக்கவே முடியாது, ஆனாலும் அதே அறையிலேயே கடைசி வரை வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்பிஸ் பராமரிப்பு இருந்து, இல்லமும் சம்மதித்தால் விதியில் இடம் உண்டு. சாகப்போகிறவருக்கு விலக்கு, பிழைத்திருப்பவருக்கு நோட்டீஸ், இது என்ன நியாயம்?

இரவுப்பணி:
ஹாஸ்பிஸ் என்றால் யார் எதைச் செய்வது என்று எழுதிய திட்டம் இருக்கும், பொறுப்பு யாருடையது என்று தெரியும். அது இல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மாவை மகன் கெஞ்சியதால் முதலாளி இருக்கவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ராத்திரி போர்வையை விலக்கினேன், நாற்றம்தான் முதலில் வந்தது. முதுகின் அடியில் உள்ளங்கை அளவு குழி, மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. அது மூன்றாம் நிலை. இரண்டாம் நிலையிலேயே யாராவது வாயைத் திறந்திருக்கலாம். ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்வது இல்லத்தின் முதலாளியோ நிர்வாகியோதான், மாதக் கட்டணம் வாங்குவதும் அவர்தான். அதனால் விதியைத் தளர்த்தச் சொல்லாதீர்கள், தயவுசெய்து.

வடகாற்று:
சரி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் மூத்தமகள், நோட்டீஸில் 'ஆறவில்லை' என்றா எழுதியிருக்கிறது? விதி கேட்பது 30 நாளில் புண் தேறி வர வேண்டும் என்பதைத்தான், முழுசாக ஆற வேண்டும் என்று இல்லை. அதையும் மருத்துவர் தரப்பில் யாராவது பதிவு செய்திருக்க வேண்டும். நர்ஸின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். இல்லவாசிகளின் புகார்களை விசாரிக்கிற மாநிலத்தின் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மனையும் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

மூத்தமகள்:
இப்போதுதான் வாங்கினேன். புண் முதல் நாள் 2 சென்டிமீட்டர், நேற்று 1.4. அவர்கள் இதைப் பார்க்கவே இல்லை. நாளைக்கு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே நிர்வாகியைப் பார்க்கப் போகிறேன்.

இரவுப்பணி:
1.4 என்றால் முன்னேற்றம்தான், அதை நான் மறுக்கவில்லை. போகும்போது இன்னொன்றும் கேளுங்கள் அக்கா. ராத்திரி அவர் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்வது யார் என்று பெயரோடு கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அனுமதி கிடைத்தாலும் அங்கே விட்டுவிடாதீர்கள்.