பழைய லேப்டாப்பில் சத்தம் வரல: பல்ஸ்ஆடியோவைத் தூக்கிடலாமா?

ஊமைப்பெட்டி:
2013 வாக்கில் வந்த இன்டெல் ஹாஸ்வெல் சிப் லேப்டாப், 4 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். பாட்டு ஓடுது, வால்யூம் கோடு ஆடுது, ஸ்பீக்கர்ல சத்தமே இல்ல. ஹெட்போன் மாட்டினா கேக்குது. புரோகிராம்களோட சத்தத்தை வாங்கிக் கார்டுக்கு அனுப்புற பல்ஸ்ஆடியோங்கிற சவுண்டு சர்வரைத் தூக்கிட்டு, அதுக்குக் கீழ இருக்கிற ஆல்சாங்கிற டிரைவர் அமைப்புல மட்டும் ஓட்டச் சொல்றாங்க. செய்யலாமா?

பழையஇரும்பு:
தாராளமா. சவுண்டு கார்டோட நேரடியாப் பேசுறது ஆல்சாதான், 2003 கடைசியில வந்த 2.6 லினக்ஸ் கெர்னல்லயே (சிஸ்டத்தோட மையப்பகுதி) சேர்ந்தாச்சு. ரெண்டு புரோகிராம் ஒண்ணா சத்தம் போட்டாலும் ஆல்சாவோட டிமிக்ஸ் கலந்து கொடுத்துடும். நடுவுல தரகர் எதுக்கு?

டெபியன்தாசன்:
தரகர் இல்லாம ஃபயர்பாக்ஸ்ல சத்தம் எப்படிண்ணே வரும்? 2017லயே, 52ஆம் பதிப்புல ஆல்சாவைக் கழட்டி விட்டுட்டாங்க. முக்கால்வாசிப் பேர் லேப்டாப் வச்சிருக்கிறதே யூடியூப் பாக்கத்தான்.

பழையஇரும்பு:
ஏபல்ஸ்னு ஒண்ணு இருக்கு தம்பி. பல்ஸ்ஆடியோ மாதிரி நடிச்சு ஆல்சாகிட்ட தள்ளிவிடும். 4 ஜிபி மிஷின்ல வேண்டாத சுமை எதுக்கு?

டெபியன்தாசன்:
சுமையா! சவுண்டு சர்வர் திங்கிறதைவிட ஒரே ஒரு பிரவுசர் டேப் பல மடங்கு திங்குது. அதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க. நாளைக்கு அவர் புளூடூத் ஹெட்போன் வாங்கினா அதுக்கும் ஒரு ஒட்டு போடச் சொல்வீங்களா?

காவிரிக்கரை:
அவர் மிஷினைப் பாத்துட்டுச் சண்டை போடுங்கய்யா. ஹாஸ்வெல்ல, டிவிக்குப் போற எச்டிஎம்ஐ ஒலிக்குத் தனி கன்ட்ரோலர். பல சமயம் அதுவே 0ஆம் கார்டா உக்காந்துக்கும், ஸ்பீக்கர் 1க்குப் போயிடும். வெறும் ஆல்சா 0லதான் பாடும், அதாவது மாட்டாத டிவிக்கு. சர்வரைத் தூக்கினா ஹெட்போன்ல வர்றதும் போயிடும்.
ஊமைப்பெட்டி, டெர்மினல்ல ஆல்சாமிக்சர் திறங்க. எஃப்6 அழுத்தி ஸ்பீக்கர், ஹெட்போன் இருக்கிற அனலாக் கார்டைத் தேர்ந்தெடுங்க. ஸ்பீக்கருக்குக் கீழ ரெண்டு எம் இருந்தா மியூட்ல இருக்குன்னு அர்த்தம், எம் விசையைத் தட்டுங்க. அதுவும் இல்லன்னா, ஹெட்போன் மாட்டினா ஸ்பீக்கரைத் தானா அடக்குற ஆட்டோமியூட்டை நிறுத்திப் பாருங்க.

ஊமைப்பெட்டி:
ஆட்டோமியூட்டை நிறுத்தினதும் ஸ்பீக்கர் பாடுது! எச்டிஎம்ஐதான் 0. ஆனா ஹெட்போன் மாட்டினாலும் ஸ்பீக்கர் ஓயல.

பழையஇரும்பு:
பாத்தீங்களா, கோளாறு தீர்ந்தது ஆல்சாவுலதான். கார்டு வரிசையும் மாட்யூல் கான்ஃபிக்ல (டிரைவர் அமைப்பு ஃபைல்) ஒரு வரி போட்டா மாறிடும்.

டெபியன்தாசன்:
ஆல்சாவை வேண்டாம்னு யார் சொன்னா? குத்தமே பண்ணாத பல்ஸ்ஆடியோவைத் தூக்கச் சொன்னது நீங்கதானேண்ணே.

காவிரிக்கரை:
எதுவும் மாட்டாதப்பவும் ஹெட்போன் இருக்குன்னு லேப்டாப் நம்புது, ஜாக் சுவிட்ச் ஒட்டியிருக்கலாம். ஹெட்போன் பின்னை நாலஞ்சு தரம் செருகி எடுத்துட்டு ஆட்டோமியூட்டைத் திரும்பப் போடுங்க. மறுபடி ஊமையானா ஜாக்கை மாத்தணும், மதர்போர்டு போச்சுன்னு கடைக்காரர் சொன்னா ஏமாந்துடாதீங்க.