மைனஸால வகுத்தா மட்டும் குறி ஏன் திரும்புது?

கணக்குன்னா_காததூரம்:
என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. எக்ஸ் + 7 = 15ன்னா 8னு பட்டுனு சொல்லிடுவா, ஆனா 3எக்ஸ் = 12 வந்தா ஒரு நேரம் 4ங்கிறா ஒரு நேரம் 9ங்கிறா, கேட்டா "3 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்ல"ங்கிறா. இப்ப இன்ஈக்வாலிட்டி (= குறிக்குப் பதிலா சின்னது, பெருசுங்கிற குறி வர்ற கணக்கு) ஆரம்பிச்சதும் சுத்தமா குழம்பிட்டா. −3எக்ஸ் < 12க்கு ஆன்சர் எக்ஸ் > −4, குறியைத் திருப்பணுமாம். சரின்னு மனப்பாடம் பண்ணிட்டு எக்ஸ் − 5 < −2லயும் திருப்பி வச்சிருக்கா, மைனஸ் இருக்குதேன்னு. ஏன் திரும்புதுன்னு எனக்கே சொல்லத் தெரியல. யாராவது புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

சாக்பீஸ்_தூசி:
மேடம், இதுல ரெண்டு பிரச்சனை இருக்கு, முதல்ல அந்த 9ஐப் பாருங்க. "பக்கம் மாறினா குறி மாறும்"ங்கிற குறுக்கு வழிதான் வில்லன். கொஞ்ச நாளைக்கு அந்த வார்த்தையே வீட்டுல வேண்டாம். அதுக்குப் பதிலா "எக்ஸை என்ன பண்ணி வச்சிருக்காங்க?"ன்னு கேளுங்க. 3ஆல பெருக்கி வச்சிருக்காங்க, அப்ப அதை அவிழ்க்க 3ஆல வகுக்கணும், ரெண்டு பக்கமும். 3எக்ஸ்னு ஒட்டி எழுதுறதுல பெருக்கல் குறி கண்ணுக்கே தெரியாது, அதனால 3 × எக்ஸ்னு பிரிச்சு எழுத விடுங்க. 9னு சொன்னா திட்டாம போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, 3 × 9 = 27, 12 வரலையேன்னு அவளே நிப்பா.

நம்பர்லைன்_நாயகன்:
குறி திரும்புறதுக்கு நான் வர்றேன். 2 < 5 சரிதானே? ரெண்டையும் −1ஆல பெருக்குங்க, −2, −5. இப்ப எது பெருசு? −2. நம்பர் லைன்ல 0கிட்ட ஒரு கண்ணாடி வச்சுப் பார்த்தா இடம் வலமாகிடும்ல, அவ்ளோதான் விஷயம், மைனஸால வகுத்தாலும் இதேதான். ஆனா 5ஐக் கூட்டினாலோ கழிச்சாலோ எல்லா நம்பரும் சேர்ந்து ஒரே பக்கம் நகருது, வரிசை கலையாது, அதான் எக்ஸ் − 5 < −2ல திருப்பக் கூடாது, எக்ஸ் < 3தான். அதே மாதிரி 3எக்ஸ் < −12ல மைனஸ் இருந்தாலும் நாம வகுக்கிறது ப்ளஸ் 3ஆல, அங்கேயும் திருப்பக் கூடாது.

ரூலே வேணாம்னா இப்படிப் போங்க: −3எக்ஸ் < 12, ரெண்டு பக்கமும் 3எக்ஸ் கூட்டுங்க, 0 < 12 + 3எக்ஸ். 12ஐக் கழிங்க, −12 < 3எக்ஸ். 3ஆல வகுங்க, −4 < எக்ஸ். எங்கேயும் எதையும் திருப்பலை, அதே ஆன்சர்தான் வந்திருக்கு. (ரெண்டு மூணு ஸ்டெப் ஆகுது, பரவாயில்ல, நம்பிக்கை வர்றதுக்குத்தான இது.)

கணக்குன்னா_காததூரம்:
ரொம்ப நன்றி சார், இந்தக் கூட்டுற வழி அவளுக்குப் பிடிச்சுப் போச்சு. ஆனா கடைசில −4 < எக்ஸ்னு வந்ததும் "எக்ஸ் −4ஐ விட சின்னது"ன்னு படிக்கிறா, < குறியைப் பார்த்தாலே சின்னதுன்னு சொல்லிப் பழகிட்டா போல.

சாக்பீஸ்_தூசி:
அது எல்லாப் பிள்ளைங்களும் பண்றதுதான். எக்ஸ் பக்கத்துல இருந்து படிக்கச் சொல்லுங்க, குறியோட அகலமான பக்கம் எக்ஸைப் பார்த்து இருக்கா, அப்ப எக்ஸ்தான் பெருசு.

மூணு_நம்பர்_போதும்:
லேட்டா வர்றேன். என்னைக் கேட்டா ஆன்சர் வந்ததும் மூணு நம்பர் போட்டுப் பார்க்கிற பழக்கம் வந்துட்டா பாதி சண்டை தீரும். அதே கணக்கு, −3எக்ஸ் < 12, எல்லை −4. முதல்ல −4ஐயே போடுங்க, 12 < 12, தப்பு, அதனால நம்பர் லைன்ல வெறும் வட்டம் (குறி ≤னு இருந்திருந்தா உள்ள நிரப்பணும்). வலப்பக்கம் 0 போட்டா 0 < 12, சரி. இடப்பக்கம் −5 போட்டா 15 < 12, தப்பு. அப்ப கோடு வலப்பக்கம்தான் போகணும், திருப்ப மறந்திருந்தா இங்கேயே மாட்டிக்கும். ஈக்வேஷன்ல ஒரு நம்பர்தான் விடை, இங்க ஒரு பக்கம் முழுக்க விடை, அதனாலதான் ரெண்டு பக்கமும் எட்டிப் பார்க்கணும்.

அடுத்து எக்ஸ் ÷ (−2) ≥ 3 குடுத்துப் பாருங்க. −6ம் அதுக்குக் கீழயும் வரணும், வட்டம் நிரப்பினதா இருக்கணும்.