சால்டர் இல்லாத பேட்ச் கேபிள்: நம்பி மேடை ஏறலாமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தோம். மூன்றாவது பாட்டின் இடையிசையில் எனக்கு 8 பார் லீட், அதாவது கிட்டார் தனியாக வாசிக்கிற பகுதி. ஓவர்டிரைவ் பெடலை மிதித்த நொடியில் கிட்டார் சத்தம் தகர டப்பாவுக்குள் அடைத்த மாதிரி மெலிந்து போனது, கூடவே பெரிய உறுமல் ஒன்று கிளம்பியது, சவுண்ட் பார்க்கிற அண்ணன் பதறிப் போய் என் சேனலை இறக்கிவிட்டார். கீபோர்டு வாசிக்கிற தம்பி சட்டென்று புரிந்துகொண்டு என் வரியை ஸ்ட்ரிங்ஸில் எடுத்து வாசித்ததால் பாட்டு தப்பியது. மீதிப் பாட்டு முழுக்க நான் குனிந்து ஒவ்வொரு ஜாக்காக அழுத்திக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டுக்கு பெடல்கள் மாட்டிய போர்டையே விட்டுவிட்டு கிட்டாரை நேராக டிஐ பாக்ஸில் (கிட்டாரை மிக்சரோடு சேர்க்கிற பெட்டி) சொருகி, வெறும் கிளீன் டோனில் இரவு முழுக்க ஓட்டினேன்.

என் போர்டில் 8 பெடல், நடுவில் ஒரு பெடலை அடுத்ததோடு இணைக்கிற குட்டி வயராக 7 பேட்ச் கேபிள், எல்லாமே சால்டர் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) வைக்காத வகை. வயரை வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, ஜாக்கில் சொருகுகிற பின்னுக்குள் தள்ளி, ஸ்க்ரூவை முறுக்கினால் முடிந்தது. இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. அதனால்தான் மேடையில் எனக்குச் சந்தேகம் முதலில் பெடல் மேல் போனது, அப்புறம் பவர் சப்ளை மேல் போனது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரே அடாப்டரிலிருந்து எல்லாப் பெடலுக்கும் சங்கிலியாகப் போகிற 9 வோல்ட் வயரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாக இருக்கிற ஐசோலேட்டட் சப்ளை மாட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய அடாப்டரை மாட்டினால் போர்டு கச்சிதமாக வேலை செய்கிறது. புதிய சப்ளையை மாட்டினால் மறுபடி உறுமல். புது சப்ளைதான் மோசம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்கக் கடைக்குக் கிளம்பும் வரை போய்விட்டேன். கடைசியில் எல்லா கேபிளையும் கழற்றி மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

பேட்ச் கேபிளில் நடுக்கம்பி சிக்னல், சுற்றியிருக்கிற பின்னல் கிரவுண்ட். சங்கிலி அடாப்டரில் எல்லாப் பெடலின் கிரவுண்டும் அந்த 9 வோல்ட் வயரின் மைனஸ் வழியாகவே ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு பேட்ச் கேபிளில் பின்னல் விட்டுப் போயிருந்தாலும் சிக்னலுக்குத் திரும்பி வர பவர் வயர் வழி இருக்கிறது, கொஞ்சம் இரைச்சல் கூடுமே தவிர சத்தம் வரும். ஐசோலேட்டட் சப்ளையில் அந்தக் கள்ள வழி அடைபட்டுப் போகிறது. கிரவுண்டுக்கு இருக்கிற ஒரே பாதை பேட்ச் கேபிளின் பின்னல்தான். எத்தனை மாதமாக அந்தக் கேபிள் செத்துக் கிடந்ததோ தெரியாது, நான்தான் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

குறை இருந்த பின்னை மேஜை விளக்குக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். ஸ்க்ரூவின் கூர்முனை ரப்பர் உறையைத் துளைத்த இடத்தில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு சின்ன ஓட்டை. பிளேடால் உறையை நீளவாக்கில் கீறி விரித்தால், அந்த முனைக்கு நேராகப் பின்னல் இரண்டு பக்கமும் விலகி நிற்கிறது. ஒரே ஒரு இழைதான் முனையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது, தலைமுடியை விட மெல்லிசு, அதுவும் கருத்துப் போயிருந்தது. காலால் பெடலை மிதிக்கும்போது பின் லேசாகத் திரும்பும் இல்லையா, அந்த அசைவில் அந்த ஒரு இழையும் விட்டிருக்கிறது.

எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, அது தேவையும் இல்லை, இந்த முறையிலேயே இருக்கிற சிக்கல் இது என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு எப்படி? மேடைக்கு எடுத்துப் போகிறவர்கள் முக்கியமாகச் சொல்லுங்கள்.

* * *

நான் சர்ச்சில் பேஸ் வாசிக்கிறேன். உங்கள் முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை அண்ணா. என் போர்டில் 5 பெடல், எல்லாம் சால்டர் இல்லாத கேபிள், 6 வருடம் ஆகிறது, ஒரு ஞாயிறு கூடக் கைவிட்டதில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், என் போர்டு அந்த மேடையை விட்டு நகர்ந்ததே இல்லை. வேனில் ஏறுவதில்லை, யாரும் தூக்கிப் போடுவதில்லை.

வெட்டுகிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. முதலில் நான் கட்டிங் பிளையரால் வெட்டினேன், அது வயரை நசுக்கி முட்டை வடிவமாக்கிவிடும், நடுக்கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அப்புறம் பின்னுக்குள் இருக்கிற ஊசி நடுவில் ஏறாது. இப்போது புது பிளேடு போட்ட கட்டரால் மரப்பலகை மேல் வைத்து, வயரை உருட்டிக்கொண்டே ஒரே சுற்றில் நேராக அறுக்கிறேன். வெட்டின முகத்தைப் பார்த்தால் நடுவில் செம்புப் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம், அதைச் சுற்றிப் பின்னல், மூன்றும் வட்டமாகத் தெரிய வேண்டும். பின்னலில் ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தாலும் அது நடுக்கம்பியைத் தொட்டு சத்தம் மொத்தமாகச் செத்துவிடும். ஒருமுறை பின் மாட்டிய இடத்திலேயே மறுபடி மாட்டவே மாட்டேன், அரை அங்குலம் வெட்டிப் போட்டுவிட்டுப் புது இடத்தில்தான் மாட்டுவேன். அதற்காகவே ஒவ்வொரு கேபிளும் தேவையை விட ஓர் அங்குலம் நீளமாக விடுகிறேன்.

* * *

மேலே கேட்டவருக்கு, நான் ரயில் பெட்டி வயரிங் வேலையில் இருப்பவன், வாரக் கடைசியில் கிட்டார். சால்டர் இல்லை என்பதாலேயே ஒரு இணைப்பு மோசம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வேலையில் அதிர்வு இருக்கிற இடங்களில் கிரிம்ப்தான் செய்வோம். கிரிம்ப் கருவி உலோகத்தையும் கம்பியையும் அப்படியே நசுக்கி ஒன்றோடு ஒன்று காற்றுப் புகாமல் இறுக்கிவிடும், காற்றுப் புகாததால் உள்ளே கறுக்காது. சால்டர் வைத்தால் ஈயம் ஏறிய இடம் வரை கம்பி விறைத்துப் போகும், அது முடிகிற இடத்தில் ஆடி ஆடி ஒடியும்.

பேட்ச் கேபிள் பின்னில் நடப்பது கிரிம்ப் இல்லை. ஒரு ஸ்க்ரூ முனையோ ஊசியோ தொட்டுக்கொண்டு நிற்கிறது, அந்த அழுத்தத்தைத் தாங்குவது பிளாஸ்டிக் உறை. பிளாஸ்டிக் தொடர்ந்து அழுந்திக்கொண்டே இருந்தால் மெதுவாக விலகிக் கொடுக்கும், வெயிலில் நிற்கிற கார் டிக்கிக்குள் இன்னும் சீக்கிரம் கொடுக்கும். இறுக்கி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஸ்க்ரூ கால் சுற்று சும்மா திரும்பும். அதனால் இறுக்கிய மறுநாள் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஆனால் பலத்தைக் காட்டாதீர்கள், அந்தச் சின்ன ஸ்க்ரூவின் மரை போய்விட்டால் பின்னைத் தூக்கித்தான் போட வேண்டும்.

8 பெடல் என்றால் 14 பின், ஒவ்வொரு பின்னிலும் சிக்னலுக்கு ஒன்று கிரவுண்டுக்கு ஒன்று, ஆக 28 தொடுமுனை. எல்லாம் ஒரே சங்கிலியில் இருக்கின்றன. 27 நன்றாக இருந்து ஒன்று விட்டாலும் மேடையில் உங்களுக்குச் சத்தம் கிடையாது.

* * *

கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகளில் வாரம் மூன்று நாள் வாசிக்கிறேன், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில். அங்கே உப்புக்காற்று. போர்டை ராத்திரி திறந்த இடத்தில் வைத்தால் காலையில் ஜாக் எல்லாம் பிசுபிசு என்று இருக்கும். சால்டர் இல்லாத கேபிள் எனக்கு 8 மாதம்தான் வந்தது. வெட்டின முனையில் செம்பு பச்சை பூத்துவிட்டது, மாவு மாதிரி உதிர்கிறது. சத்தம் ஒரேயடியாகப் போகாது, முதலில் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பின்னைத் திருகினால் நின்றுவிடும், அடுத்த வாரம் மறுபடி வரும். அந்தப் பொரிகிற சத்தம் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தகரம் பூசிய செம்பு வயர் கொஞ்சம் தாங்கும் என்பது என் அனுபவம்.

* * *

டோன் பற்றி யாரும் எழுதவில்லையே? சால்டர் இல்லாததால் சத்தம் மங்குகிறது என்று எங்கள் குழுவில் ஒருவர் விடாமல் சொல்கிறார்.

* * *

மங்காது. பெரும்பாலான பெடல்களின் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வருகிற சிக்னலுக்குக் காட்டுகிற தடை) 5 லட்சம், 10 லட்சம் ஓம் அளவில் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு தொடுமுனையில் ஓர் ஓம் இரண்டு ஓம் கூடினால் காதுக்குத் தெரிய வழியே இல்லை. உயர் சுருதிகளைத் தின்பது கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற தன்மை. அடிக்கு 30 பிகோஃபாரட் என்று வைத்தால் 7 பேட்ச் கேபிள் சேர்ந்து 4 அடி, 120. கிட்டாரிலிருந்து போர்டுக்கு வருகிற 20 அடி வயரில் மட்டும் 600 இருக்கிறது. டோனுக்குக் கவலைப்படுகிறவர்கள் அந்த நீள வயரைப் பார்க்கட்டும். போர்டின் தொடக்கத்தில் ஒரு பஃபர் (நீள வயரிலும் சிக்னல் மங்காமல் தள்ளிவிடுகிற சுற்று) இருந்துவிட்டால் பேட்ச் கேபிளின் கணக்கே வேண்டாம்.

நான் சால்டர் கட்சிக்காரன், ஆனாலும் சால்டர் வைத்தாலே பிழைத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முதலில் செய்த 4 கேபிளில் 3 வேலை செய்யவில்லை. பின்னலை உரித்தால் அதற்குள் கறுப்பாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும், சில வயர்களில். வெறும் உறை என்று நினைத்து விட்டுவிட்டேன். அது கரி கலந்த படலம், மின்சாரம் கடத்தும், வயர் அசையும்போது வருகிற சரசரப்பைக் குறைக்கப் போடுவது. அதை நடுக்கம்பி பக்கத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டராவது உரித்து எடுக்காவிட்டால் அது சிக்னலையும் கிரவுண்டையும் இணைத்துவிடும். அப்புறம் சால்டரிங் அயர்னை அதிக நேரம் வைத்தேன், உள்ளே இருக்கிற வெள்ளை இன்சுலேஷன் உருகி நடுக்கம்பி சரிந்து பின்னலைத் தொட்டது. 350 டிகிரியில் வைத்து, பின்னுக்கும் கம்பிக்கும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிவிட்டு, சேர்க்கும்போது 2 நொடியில் எடுத்துவிட வேண்டும். சாதாரண 60/40 ஈயமே போதும், 190 டிகிரிக்குள் உருகிவிடும். வாயால் ஊதி ஆற வைக்காதீர்கள், ஆறும் வரை அசைக்காமல் பிடித்தால் பளபளப்பாக நிற்கும்.

* * *

தொடங்கியவன் எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக அந்த 28 கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சர்ச் தம்பி சொல்வதும் நியாயம்தான், நகராத போர்டுக்கு அது போதும். பெடல் வரிசை இன்னும் முடிவாகாமல் வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறவர்களுக்கும் அதை விட வசதி எதுவும் இல்லை, நானே அப்படித்தான் தொடங்கினேன். வேனில் போகிற போர்டுக்கு இனி எனக்குச் சால்டர்தான்.

சோதிக்கிற விதம் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டீர்கள். கேபிளைப் போர்டிலிருந்து இரண்டு பக்கமும் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சங்கிலி அடாப்டர் மாட்டியபடியே பார்த்தால் மீட்டர் பவர் வயர் வழியாகச் சுற்றி வந்து பீப் அடித்து ஏமாற்றிவிடும், நான் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். நுனிக்கு நுனி பீப் வர வேண்டும், உடம்புக்கு உடம்பு பீப் வர வேண்டும், நுனிக்கும் உடம்புக்கும் வரக் கூடாது. மூன்றையும் பார்க்கும்போது பின்னருகே வயரை நாலா பக்கமும் வளைத்துக்கொண்டே பாருங்கள், சும்மா கிடக்கும்போது என்னுடைய கேபிளும் பீப் அடித்தது, இடது பக்கம் வளைத்தபோதுதான் விட்டது. மேடையில் மீட்டருக்கு நேரம் இல்லை என்றால் கிட்டார் வயரைப் பிடுங்கி நேராக நாலாவது பெடலில் சொருகுங்கள், சத்தம் வந்தால் குறை முதல் பாதியில், வராவிட்டால் பின் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் மூன்று தடவைக்குள் பிடித்துவிடலாம்.

போன சனிக்கிழமை ரிச்சி தெரு போய் வயரும் 14 பின்னும் வாங்கி வந்தேன். முதல் கேபிளுக்கு 50 நிமிடம் பிடித்தது, ஐந்தாவதுக்குக் கால் மணி நேரம். அந்தக் கறுப்புப் படலம் என் வயரிலும் இருக்கிறது, இங்கே படித்திராவிட்டால் ஏழு கேபிளையும் வீணாக்கியிருப்பேன். இன்னும் இரண்டு பாக்கி. பழைய கேபிள்களில் நன்றாக இருக்கிற மூன்றை எடுத்து, அளவு எழுதிய டேப் ஒட்டி, பை ஓரத்தில் அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அதே குழுவோடு அடுத்த நிகழ்ச்சி, அதே பாட்டு வரிசையில் மூன்றாவதாகவே இருக்கிறது.