பாமினி கோப்புகளை அட்டவணை குலையாமல் யூனிகோடாக்க இலவச மென்பொருள் உண்டா?

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வாசிகசாலையின் நூற்பட்டியல் முழுக்க 2004 முதல் 2013 வரை வேர்டில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். தமிழில் தேடவும் வழியில்லை.

ஒன்லைன் மாற்றிகளில் ஒட்டிப் பார்த்தேன். தமிழ் சரியாக வருகிறது, ஆனால் அட்டவணை போய்விடுகிறது. நடுவே டைம்ஸ் நியூ ரோமனில் உள்ள ஆங்கில நூற்பெயர்களையும் பாமினி என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு தமிழாக்கிக் கொட்டுகிறது (வாசிக்கச் சிரிப்புத்தான், வேலைக்கு உதவாது). அப்புறம் லிப்ரே ஒபிஸில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடி மாற்றிப் பார்த்தேன். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடிலோ பின்னால் வரவேண்டும். எல்லாம் குழம்புவது அங்கேதான். பிடிஎஃப் ஆக்கி, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுத்தால் ண, ன மாறுகிறது.

விண்டோஸ் 10, 4 ஜிபி ராம் மடிக்கணினி. கோப்புகள் பழைய டொக் வடிவம். இணையம் கைபேசி டேட்டாதான், அதனால் ஒஃப்லைனில் ஓடினால் நல்லது.

பாமினியில் உள்ள எழுத்தை மட்டும் இனங்கண்டு, அட்டவணையைத் தொடாமல் மாற்றும் இலவச மென்பொருளோ லிப்ரே ஒபிஸ் மேக்ரோவோ யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?